அம்மாவின் குரலைத் தேடி மொபைல் கடைக்குப் போகாதீர்கள்

கேள்வி: அம்மா இறந்து இரண்டரை மாதம் ஆகிறது. எங்களுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அவருடைய போனில் இருக்கின்றன. போன் பேட்டர்ன் போட்டுப் பூட்டியிருக்கிறது. 1,500 ரூபாய் கொடுத்தால் லாக்கை எடுத்துத் தருவதாக மொபைல் கடையில் சொல்கிறார்கள். அப்பா துபாயில் இருந்தபோது, 1991-இல், அம்மா பேசிப் பதிவுசெய்து அனுப்பிய ஒரு கேசட்டும் பீரோவில் இருக்கிறது. வருஷ திதிக்குள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும். எங்கே கொடுக்கலாம்? (ஒரு வாசகி, கும்பகோணம்)

எங்கேயும் கொடுக்காதீர்கள். அம்மா உங்களுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் உங்கள் போனிலேயே இருக்கிறது. நீங்கள் ஒருமுறை கேட்டிருந்தால் அது இறங்கி அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால், அதைக் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் இணைத்து, வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள் ‘வாய்ஸ் நோட்ஸ்’ என்று இருப்பதை அப்படியே முழுசாகக் காப்பி எடுங்கள். உள்ளே ‘பிடிடி’ (PTT) என்று தொடங்கும் கோப்புகள் இருக்கும். பெயரிலேயே வருடம், மாதம், தேதி எட்டு இலக்கத்தில் வந்துவிடும், ஆனால் யார் பேசியது என்று இருக்காது. அம்மாவுடையதை மட்டும் பிரிக்க, அவருடைய சாட்டைத் திறந்து மூன்று புள்ளியைத் தொட்டு, ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்து, மீடியாவும் சேர்த்து கூகுள் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். சாட் ரொம்ப நீளமாக இருந்தால் பழையவை இதில் விடுபடும், அதனால்தான் ஃபோல்டர் காப்பியும் வேண்டும் என்கிறேன். சித்தி, பெரியம்மா, அண்ணன் என்று அம்மா யாருக்கெல்லாம் பேசி அனுப்பினாரோ அவர்களையும் இதையே செய்யச் சொல்லுங்கள். அதுவரை இடம் போதவில்லை என்று யாரும் எதையும் அழிக்க வேண்டாம், புதுப் போனுக்கும் மாற வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் வாட்ஸ்அப்பிலிருந்து திரும்ப இறக்கிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய கோப்பை அழித்துவிட்டால் அங்கே கிடைக்காது.

இனி அந்தக் கடைக்காரர். ‘லாக்கை எடுப்பது’ என்று இவர்கள் சொல்வது பெரும்பாலும் போனை ரீசெட் அடிப்பதைத்தான். பூட்டு போய்விடும், கூடவே உள்ளே இருந்த அத்தனையும் போய்விடும். போனைத் திருப்பித் தரும்போதுதான் “டேட்டா வராதுன்னு சொன்னேனே” என்பார்கள். சொல்லியிருக்க மாட்டார்கள். துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் காசு வாங்கிக்கொண்டு, செத்துப்போனவரின் கடைசிப் படங்களை அழித்துக் கொடுக்கிற இந்த வேலையைத் தட்டிக்கேட்க ஆளில்லை. டேட்டா போகாது என்று எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், பின்வாங்கிவிடுவார்கள். அதற்குப் பதில் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள், பாட்டி போனில் கேம் ஆடிய பேரனுக்குப் பேட்டர்ன் தெரிந்திருக்கும். ஆளாளுக்கு ஊகித்துப் போட்டுப் பார்க்க மட்டும் வேண்டாம். தப்பாகப் போடப் போடக் காத்திருக்கும் நேரம் நீளும், சில போன்களில் எல்லாமே அழியும்படியும் அமைத்திருப்பார்கள். போன் ஆஃப் ஆகாமல் சார்ஜில் வையுங்கள். போனின் பக்கவாட்டில் அம்மா மெமரி கார்டு போட்டிருக்கிறாரா என்று பாருங்கள், பல அம்மாக்களின் படங்கள் அதில்தான் கிடக்கும்.

உங்களுக்கு உண்மையிலேயே நாள் நெருக்குவது சிம்மில்தான். ப்ரீபெய்டு நம்பரில் தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லை என்றால் கம்பெனி அதை நிறுத்திவிடலாம். நிறுத்திய நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்துத்தான் வேறொருவருக்குக் கொடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023-இல் சுப்ரீம் கோர்ட்டில் சொன்னது. வாட்ஸ்அப் தன் பங்குக்கு, 120 நாள் தொடர்பில் வராத கணக்கைப் பொதுவாக நீக்கிவிடுகிறது. ஆகவே இன்றைக்கே ரீசார்ஜ் போடுங்கள். நம்பர் கைமாறி, அதை வாங்கியவர் வாட்ஸ்அப் திறந்தால், உறவுக்காரர்கள் போனில் ‘அம்மா’ என்ற பெயருக்கு நேரே முன்பின் தெரியாத ஒரு முகம் வந்துவிடும். அதைப் பார்த்து மறுபடி அழுத குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இறப்புச் சான்றிதழையும் உங்கள் ஆதாரையும் கொண்டுபோனால் நம்பரை உங்கள் பெயருக்கு மாற்ற வழி இருக்கிறது. கவுன்ட்டரில் இருப்பவருக்கு அந்த வழி தெரிந்திருக்க வேண்டும், அதுதான் பாடு. என் மாமனார் நம்பருக்காக நாங்கள் போனபோது “சந்தாதாரர் நேரில் வரணும்” என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்கள், சான்றிதழ் மேஜை மேல் விரிந்து கிடக்கிறது. வாரிசுச் சான்றிதழும் கேட்கிறார்கள். ஒரு சிம்முக்கு அது எதற்கு? தாலுகா ஆபீசில் அதற்கு எத்தனை நடை நடக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்குத் தெரியுமா? 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், உயிரோடு இருக்கும்போதே தன் தரவுகளுக்கு நாமினி வைத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றிச் சொல்கிறது. நாமினி என்று யாரையும் வைக்காமல் போய்விட்ட உங்கள் அம்மா மாதிரியானவர்களின் பிள்ளைகளுக்கு இதனால் என்ன பலன்?

சரி, கேசட். அதன் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். இருந்தால் இரண்டையும் ஒடித்துவிடுங்கள், அப்புறம் தவறிப்போய் ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் அமுங்காது. அந்தக் காலத்தில் பாட்டுக் கேசட்டின் ஓட்டையில் செலோடேப் ஒட்டி அதன்மேல் பேசி அனுப்புவார்கள். அப்படியானால் செலோடேப்பைப் பிய்த்தாலே போதும். டேப் ரெக்கார்டரை யாரிடமாவது வாங்கி, அதற்குள் நாடா உரசி ஓடும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டை இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தால் நாடாவை மென்றுவிடும். அது ஒழுங்காக ஓடினால் மட்டும் அம்மாவின் கேசட். ஹெட்போன் துளையிலிருந்து லேப்டாப்புக்கு வயர் போட்டு, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில், முதல் தடவை ஓடும்போதே பதிவுசெய்யுங்கள். முதலில் கேட்டுப் பார்ப்போம், அப்புறம் பதியலாம் என்று நினைக்காதீர்கள், இரண்டாம் தடவை ஓடும் என்று என்ன நிச்சயம்? வேவ் (WAV) கோப்பாகச் சேமியுங்கள். ஒரு மணி நேரக் கேசட் 600 எம்பி வரும், வரட்டும்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் கேசட்டை ஓட்டவே கூடாது. சின்ன ஜன்னல் வழியாக, சுருண்டிருக்கும் நாடாவின் பக்கவாட்டைப் பாருங்கள். அங்கே வெள்ளைப் பொடியோ நூல் நூலாகவோ படிந்திருந்தால் அது பூஞ்சணம். வெளித் தூசி வேறு, இது வேறு. சந்தேகமாக இருந்தால் ஜன்னலை வெளியே துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்து மறுபடி பாருங்கள், உள்ளே இருப்பது அப்படியே தெரியும். ஒரு ஓரத்தில்தானே இருக்கிறது என்று ஓட்டாதீர்கள். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இடத்தில் நாடா அறுந்துவிடும், பூஞ்சணம் டேப் ரெக்கார்டருக்கும் பரவி அடுத்துப் போடும் கேசட்டிலும் ஏறும். வெயிலில் காயவைத்தால் டேப் வளைந்துவிடும், அதுவும் வேண்டாம். சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத கவரில் போட்டு, கேசட்டைப் பிரித்துக் கையால் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் நீங்களே கொண்டுபோங்கள். வேலை முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், விட்டுவிட்டு வராதீர்கள். கூரியரில் அனுப்பவும் வேண்டாம்.

அங்கே ‘இரைச்சலை எடுத்துத் தருகிறேன்’ என்பார்கள். எடுக்காத அசல் பதிவைத் தனியாக முதலில் வாங்குங்கள். அம்மா பேசும்போது பின்னால் கேட்கும் குக்கர் விசிலும், குழந்தையாக நீங்கள் சிணுங்கியதும் அவர்களுக்கு இரைச்சல். இப்போது புதிதாக, ஒரு போட்டோவும் குரலும் கொடுத்தால் அம்மாவே பேசுகிற மாதிரி ஏஐ வீடியோ செய்து தருகிறோம் என்று திதி வீடுகளைச் சுற்றி ஆட்கள் வருகிறார்கள். அம்மா சொல்லாத வார்த்தையை அம்மா வாயில் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. அந்தக் குரலை வைத்து உங்கள் பெரியம்மாவுக்குப் போன் போட்டுப் பணம் கேட்கவும் முடியும் என்பதால், குரல் கோப்பை முன்பின் தெரியாத யாரிடமும் கொடுக்காதீர்கள்.

எடுத்ததை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் கூடப்பிறந்தவரிடம் கொடுங்கள். பென் டிரைவை நம்ப வேண்டாம். கேசட்டில் அம்மா “அவங்களும் உங்களைக் கேட்டாங்க” என்று யாரைச் சொல்கிறார், நடுவில் புகுந்து பேசுவது யார் என்பதெல்லாம் அப்பாவுக்கும் சித்திக்கும்தான் தெரியும். திதிவரை காத்திருக்காமல் அவர்களுக்கு இப்போதே போட்டுக்காட்டிக் கேட்டு, எந்த நிமிஷத்தில் யார் என்று ஒரு நோட்டில் எழுதி, கேசட்டோடு வைத்துவிடுங்கள்.