மேமோகிராம் நார்மல், அப்புறம் எதுக்கு இன்னொரு ஸ்கேன்?

கேள்வி: மினசோட்டால இருக்குற எங்க அக்காவுக்கு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) நார்மல், ஆனா மார்பு அடர்த்தியா இருக்கு, எம்.பி.ஐ. (மாலிக்யூலர் பிரெஸ்ட் இமேஜிங்) ஸ்கேனும் எடுங்கன்றாங்களாம். கதிரியக்க ஊசியாமே, தேவையா?

பதில்: அடர்த்தியான திசு, கட்டி ரெண்டுமே எக்ஸ்ரேல வெள்ளையாத்தான் தெரியும், சுண்ணாம்புச் சுவத்துல பஞ்சைத் தேடுற கதைதான். இந்த எம்.பி.ஐ. ஸ்கேன்ல டெக்னீசியம் செஸ்டமிபின்னு ஒரு கதிரியக்க மருந்தை கை நரம்புல போடுவாங்க (இதய ஸ்கேனுக்கு வந்த அதே மருந்துதாங்க), புற்றுநோய் செல் அதை அதிகமா இழுத்துக்கும், கதிர்வீச்சைப் படம் பிடிக்கிற காமா கேமரால அந்த இடம் பளிச்னு தெரியும். உங்க அக்கா ஊர் பக்கம் ராச்செஸ்டர்ல இருக்குற மேயோ கிளினிக்லயே இதை அடர்த்தியான மார்பு உள்ள 1,585 பேருக்கு டெஸ்ட் பண்ணி 2015ல ரிசல்ட் போட்டாங்க, புற்றுநோய் இருந்த 21 பேர்ல மேமோகிராம் காட்டுனது வெறும் 5, ரெண்டு ஸ்கேனும் சேர்ந்து 19!

சேர்ல உக்காந்தபடியே, மார்பை அந்தக் கேமராவோட ரெண்டு டிடெக்டருக்கு நடுவுல லேசா அழுத்தி, ஒரு படத்துக்கு 10 நிமிஷம்னு நாலு படம். மேமோகிராம் அளவுக்கு வலிக்காது. கதிர்வீச்சு மேமோகிராமைவிட அதிகம்தான், அதுவும் உடம்பு முழுக்கப் போகும், அதனால எல்லாருக்கும் வருஷா வருஷம் எடுக்கச் சொல்ல மாட்டேன். கர்ப்பம்னா முதல்லயே சொல்லிரணும். புற்றுநோய் இல்லாத சும்மா கட்டியும் சிலசமயம் பளிச்னு தெரியும், பயாப்ஸினு (கொஞ்சம் திசுவை எடுத்து டெஸ்ட் பண்றது) சொன்னா உடனே பதறாதீங்க.