சரக்கிருப்பு மாற்றம்: இந்தியா ஏறி இறங்க, பாகிஸ்தான் மட்டும் ஏன் நேர்கோடு?

கேள்வி இது: தருமபுரியில் எம்.ஏ. பொருளியல் மாணவர் ஒருவர் உலக வங்கித் தளத்திலிருந்து இரு நாடுகளின் சரக்கிருப்பு மாற்றத்தை (விற்காமலும் பயன்படுத்தாமலும் கையிலுள்ள சரக்கு ஓராண்டில் கூடிய அல்லது குறைந்த அளவு) எடுத்து ஜிடிபியால் வகுத்திருக்கிறார். இந்தியாவின் கோடு ஏறி இறங்குகிறது, பாகிஸ்தானுடையது கிட்டத்தட்ட நேராகப் போகிறது. அங்கே இருப்பு மேலாண்மை சீராக இருக்கிறது என்று ப்ராஜெக்டில் எழுதலாமா?

தயவுசெய்து எழுதாதீர்கள். அந்த நேர்கோடு அளந்து வந்ததே இல்லை. பாகிஸ்தானின் தேசியக் கணக்கில் சரக்கிருப்பு மாற்றம் ஜிடிபியில் ஒரு நிலையான விழுக்காடாக வைக்கப்படுகிறது. 2005-06ஐ அடிப்படை ஆண்டாக (விலைகளை ஒப்பிடும் ஆண்டாக) வைத்த தொடரில் 1.6, 2015-16 தொடரில் 1.7. அவர்கள் ஜிடிபியால் பெருக்கி வைத்ததை நீங்கள் மறுபடி ஜிடிபியால் வகுத்தால் அதே விழுக்காடுதானே திரும்பி வரும்? இந்தியாவில் கம்பெனிகள் தாக்கல் செய்யும் ஆண்டுக் கணக்கு, தொழிற்சாலைகளின் ஆண்டு ஆய்வு, அரசுக் கிடங்கு இருப்பு என்று பல இடங்களிலிருந்து திரட்டுகிறார்கள். அதனால்தான் ஆடுகிறது. ஆண்டு முடியும் முன்பே வெளியாகும் முதல் முன்கூட்டிய மதிப்பீட்டை மட்டும் எடுக்க வேண்டாம், அது பின்னால் நிறைய மாறும்.

ஆண்டுப் பெயரும் ஏமாற்றும். உலக வங்கி அட்டவணையில் ‘2020’ என்றால் இந்தியாவுக்கு 2020 ஏப்ரல் முதல் 2021 மார்ச் வரை. பாகிஸ்தானுக்கு 2019 ஜூலை முதல் 2020 ஜூன் வரை. இரண்டுக்கும் பொதுவானது மூன்றே மாதம். கொரோனா ஆண்டை ஒப்பிடப் போனால் இங்கேயே கணக்கு கெட்டுவிடும்.

அடுத்தது விலை. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் (எண்கள் கணக்குக்காக மட்டும்). ஆண்டுத் தொடக்கத்தில் 100 டிரம், விலை 10,000 ரூபாய். முடிவில் 110 டிரம், விலை 13,000. புத்தகப்படி இருப்பு 10 லட்சத்திலிருந்து 14.3 லட்சமாகி, 4.3 லட்சம் கூடியிருக்கிறது. தேசியக் கணக்குக்கு வேண்டியது கூடுதலான 10 டிரம் மட்டும்தான். சராசரி விலை 11,500 என்று வைத்தால் 1.15 லட்சம். மீதி 3.15 லட்சம் விலை ஏறியதால் வந்த ஆதாயம், அது உற்பத்தி ஆகாது, கழிக்க வேண்டும். பாகிஸ்தானில் 2023 மே மாதம் சில்லறைப் பணவீக்கம் 38 சதவீதத்தைத் தொட்டது. அப்படிப்பட்ட ஆண்டில் கம்பெனிகளின் பேலன்ஸ் ஷீட்டை இந்தத் திருத்தம் இல்லாமல் கூட்டினால் வருவது பெரும்பாலும் விலைவாசிதான்.

இன்னொன்று: மொத்த மூலதன ஆக்கத்திலிருந்து (நாட்டின் மொத்த முதலீடு) நிலையான மூலதன ஆக்கத்தைக் (கட்டடம், இயந்திரம் போன்றவற்றில் போட்டது) கழித்து மிச்சத்தைச் சரக்கிருப்பு என்று எடுக்கிற பழக்கம். இந்தியாவுக்கு அந்த மிச்சத்தில் தங்கம் உள்ளிட்ட மதிப்புமிக்க பொருள்களும் சேர்ந்துவிடும். தேசியக் கணக்கு அட்டவணையில் அவற்றுக்குத் தனி வரிசை இருக்கிறது, அந்தத் தொகையையும் கழியுங்கள்.

வளர்ச்சி விகிதமும் போடாதீர்கள். -2லிருந்து +3க்குப் போனதைச் சதவீதத்தில் சொன்னால் -250 என்று வரும், அதற்குப் பொருளே இல்லை. நிலையான விலையில் (விலையேற்றத்தை நீக்கிய மதிப்பில்), இந்த ஆண்டு மாற்றத்திலிருந்து போன ஆண்டு மாற்றத்தைக் கழித்து, போன ஆண்டு ஜிடிபியால் வகுத்தால் வளர்ச்சிக்கு இருப்பின் பங்களிப்பு கிடைக்கும். இதையும் இந்தியாவுக்கு மட்டுமே போடலாம்.

தலைப்பை மாற்ற முடியாது என்றால் பணத்தை விட்டு, டன் கணக்கில் அளக்கிற ஏதாவது ஒரு பொருளுக்கு வாருங்கள். கோதுமை நல்ல தேர்வு: இரு நாட்டிலும் அரசு கொள்முதல் செய்து கிடங்கில் வைத்த பொருள். தேதியை மட்டும் ஒன்றாக வையுங்கள். அறுவடைக்கு முன்னும் பின்னும் இருப்பு எவ்வளவு வேறுபடும் என்பதற்கு, இந்தியாவின் மத்தியத் தொகுப்பில் (மத்திய அரசின் உணவு தானிய இருப்பு) அரிசியும் கோதுமையும் சேர்த்து இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவே சான்று: ஏப்ரல் 1 அன்று 210.4 லட்சம் டன், ஜூலை 1 அன்று 411.2 லட்சம் டன். இந்தியாவின் மார்ச் 31 இருப்பை பாகிஸ்தானின் ஜூன் 30 இருப்போடு வைத்தால் அறுவடைக் காலம்தான் தெரியும், கொள்கை வேறுபாடு தெரியாது.