முடி போனால் வெள்ளி வருமா?

தீபாவளி முடிந்த கையோடு சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து எனக்கு வரும் கடிதங்களில் வாடகைத் தகராறு குறைந்து முடித் தகராறு கூடிவிடும். இந்த முறையும் அப்படித்தான். ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். வழக்கறிஞன் என்ற முறையில் சில பதில்களைக் கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபிக்காதீர்கள்.

கேள்வி: அண்ணன் கல்யாணத்துக்காக 280 வெள்ளி (டாலர்) கொடுத்து ரீபாண்டிங் (மருந்து போட்டு முடியை நேராக்குவது) செய்துகொண்டேன். இரண்டாம் நாளே தலை வாரும்போது முடி நடுவில் ஒடிந்து கொத்தாக வருகிறது. கடையில் கேட்டால், ஆறு முறை இலவச டிரீட்மென்ட் தருகிறோம் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா? (செங்காங் வாசகி)

அவசரப்படாதீர்கள். இலவச டிரீட்மென்டோடு ஒரு தாளையும் நீட்டுவார்கள். ‘இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது’ என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்து, நீங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்புறம் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. கெடுத்த அதே கையில் மறுபடியும் தலையைக் கொடுப்பதா என்பது தனிக் கேள்வி.

‘நடுவில் ஒடிந்து’ என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது. ரீபாண்டிங்கில் முதல் மருந்து முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை அறுக்கும். முடியை நேராக்கிய பிறகு இரண்டாவது மருந்து அவற்றை மறுபடி கட்டும். முதல் மருந்து அதிக நேரம் ஊறினாலோ, ஏற்கெனவே ப்ளீச் செய்த முடியில் போட்டாலோ முடி நைந்து பாதியில் ஒடியும். இது வேலை செய்தவரின் பக்கம் கைகாட்டும் அடையாளம். வேரோடு உதிர்ந்திருந்தால், டெங்கி வந்ததா, பிரசவம் ஆனதா, இரும்புச்சத்துக் குறைவா என்று எதிர்த்தரப்பு பத்துக் காரணம் அடுக்கும்.

அதனால் ஒடிந்த முடியைக் குப்பையில் போடாமல், தேதி எழுதிய பையில் எடுத்து வையுங்கள். பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். ரீபாண்டிங்குக்கு முந்திய வாரம் எடுத்த படம் ஒன்று கைப்பேசியில் இருக்கும், அதையும் தேடி எடுங்கள். கடையோடு பேசுவதை வாட்ஸ்அப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வேறு கடையில் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டி, என்ன ஆகியிருக்கிறது, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று நாலு வரி எழுதி வாங்குங்கள். தலைத்தோலில் எரிச்சலோ புண்ணோ இருந்தால் அன்றைக்கே பலதுறை மருந்தகம். அங்கிருந்து தேசியத் தோல் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்தால் கட்டணச் சலுகையும் உண்டு, மருத்துவ ஆவணமும் சேரும்.

பிறகு கடைக்குக் கணக்குப் போட்டு ஒரு கடிதம், பதில் சொல்ல 14 நாள். அசையவில்லையா, ‘கேஸ்’ என்று நாம் சொல்லும் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகலாம். இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள், ஆனால் பணம் கொடு என்று உத்தரவு போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் உள்ள இடம் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. பயனீட்டாளர் 5,000 வெள்ளிக்குள் கேட்டால் மனுக் கட்டணம் 10 வெள்ளிதான். 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். என்னைப் போன்ற வழக்கறிஞர்களுக்கு அங்கே வேலை இல்லை, நீங்களேதான் பேச வேண்டும். பேசும்போது ‘என் கூந்தல் போச்சே’ என்று தொடங்காதீர்கள். ‘தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்வதற்காகப் பணம் வாங்கினார்கள், அப்படிச் செய்யவில்லை’ என்று தொடங்குங்கள். பெரும்பாலும் ஒப்பந்தத் தகராறைத்தான் அந்த மன்றம் விசாரிக்கும். கவனக்குறைவால் உடலில் ஏற்பட்ட காயத்துக்கென்று தனியாக வழக்காடும் இடம் அதுவல்ல.

கொடுத்த 280 வெள்ளி, சரிசெய்யும் செலவு, மருத்துவச் செலவு, கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ள வாங்கிய சவுரி என்று ரசீது உள்ள எல்லாவற்றையும் கேளுங்கள். படத்தில் அழகாக இல்லை என்பதற்கு ரசீது கிடையாது.

கேள்வி: இந்தியாவில் முடியைத் தவறாக வெட்டியதற்கு 2 கோடி ரூபாய் கொடுத்தார்களாமே. இங்கே ஏன் ஆயிரம் வெள்ளிக்கே இவ்வளவு பாடு? (ஈசூன் வாசகர்)

வாட்ஸ்அப் செய்தி முதல் பாதியோடு நின்றுவிட்டது. டெல்லியில் ஒரு பெரிய ஹோட்டலின் சலூனில் முடி தவறாக வெட்டப்பட்டது என்று முறையிட்ட பெண்ணுக்கு 2 கோடி ரூபாய் கொடுக்கும்படி 2021இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது உண்மை. 2023 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்து, ஆதாரத்தை வைத்துக் கணக்கிடுங்கள் என்று திருப்பி அனுப்பியதும் உண்மை. வழக்கு அதற்குப் பிறகும் நீண்டது. மாடலிங் வாய்ப்புகள் போயின என்பது அவருடைய வாதம், அதற்குத் தாள் எங்கே என்பது நீதிமன்றத்தின் கேள்வி. இங்கேயும் அதையேதான் கேட்பார்கள். நீங்கள் மேடையில் ஆடுபவராக இருந்து, நிகழ்ச்சி ரத்தான மின்னஞ்சல் கையில் இருந்தால் அந்த வருமானத்தைக் கேட்கலாம். மனவருத்தத்தை மட்டும் சொல்லிக் கேட்டால் கிடைக்காது.

முடி செத்த பொருள்தானே, அதில் என்ன காயம் என்று சிலர் வாதாடுவார்கள். அது அவ்வளவு எளிதில் எடுபடாது. ஒரு பெண்ணின் கூந்தலை அவர் சம்மதமில்லாமல் வெட்டிய குற்ற வழக்கில், அது உடற்காயம்தான் என்று இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் 2006இல் சொல்லியிருக்கிறது. இங்கிலாந்தின் தீர்ப்புகள் நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் நம் நீதிமன்றங்கள் அவற்றைப் படித்துப் பார்க்கும்.

கேள்வி: ‘எந்தப் பாதிப்புக்கும் கடை பொறுப்பல்ல’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவ்வளவுதானா? (உட்லண்ட்ஸ் வாசகி)

இல்லை. நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தன் கவனக்குறைவால் ஒருவருக்கு உடற்காயம் ஏற்பட்டால் அந்தப் பொறுப்பை எந்தத் தாளாலும் ஒரு கடை கழற்றிவிட முடியாது. மற்ற இழப்புகளுக்கு அந்த வரி நியாயமானதா என்று பார்ப்பார்கள். ஆனால் அதே தாளில் ‘ஆறு மாதத்துக்குள் ப்ளீச் செய்தீர்களா’ என்ற கேள்விக்கு நீங்கள் ‘இல்லை’ என்று பொய்யாகக் குறித்திருந்தால், எனக்குக் கவலை அந்தக் குறியைப் பற்றித்தான்.

கேள்வி: தலைக்கு டை அடித்த மறுநாள் நெற்றியும் கண்ணும் வீங்கி, தலை முழுக்கப் புண். பேட்ச் டெஸ்ட் செய்யவில்லை. பல வருடமாக மருதாணி போடுகிறேன், ஒன்றும் ஆனதில்லை. (புக்கிட் பாத்தோக் வாசகி)

எந்த மருதாணி? அரைத்த இலை ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு என்றுதான் நிறம் பிடிக்கும். சில மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் ‘கருப்பு மருதாணி’யில் பெரும்பாலும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கும். அடர்நிற முடிச் சாயங்களில் இருப்பதும் அதேதான். கையில் போட்டபோது சும்மா இருந்த உடம்பு அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை தலையில் பட்டதும் கொதித்தெழும். இதற்காகத்தான் 48 மணி நேரத்துக்கு முன் காதுக்குப் பின்னாலோ முழங்கையிலோ தொட்டுவைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். பெட்டியிலேயே அச்சடித்திருப்பதைக் கடைக்காரர் செய்யவில்லை என்றால் அது உங்களுக்குப் பலம். அவர் செய்யக் கேட்டு, ‘நேரமில்லை, அடித்துவிடுங்கள்’ என்று நீங்கள் சொல்லியிருந்தால், உங்கள் பங்குத் தவறுக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைப்பார்கள்.

சாயத்தின் பெயரும் தொகுதி எண்ணும் தெரியும்படி பெட்டியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுகாதார அறிவியல் ஆணையத்துக்கும் தெரியப்படுத்துங்கள். பணம் வாங்கித் தருவது அவர்கள் வேலையில்லை, ஆனால் சாயமே கோளாறா என்று பார்ப்பது அவர்கள் வேலை. காயமும் சம்பள இழப்பும் பெரிதென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 60,000 வெள்ளி வரை. உடற்காய வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டு அவகாசம். போவதற்கு முன் சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனையில் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள்.

இன்னொன்று. சில மருதாணிப் பொடிகளில் உலோக உப்புகள் கலந்திருக்கும். அதன்மேல் ப்ளீச் போட்டால் முடி சூடாகிப் பொசுங்கக்கூடும். சலூனில் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பக்கத்து புளோக்கில் வீட்டிலேயே முடி வெட்டும் அக்காவிடம் கலரிங் செய்தேன், தலை வெந்துவிட்டது. கைப்பேசியில் பேநவ் வழியாகப் பணம் அனுப்பினேன், ரசீது இல்லை. (தெம்பனிஸ் வாசகி)

பேநவ் பதிவுதான் ரசீது. பெயர், தேதி, தொகை எல்லாம் அதில் இருக்கிறது. வீட்டில் தொழில் செய்தாலும் சேவைக்குக் காசு வாங்கினால் பொறுப்பு பொறுப்புதான். தன் முழுப் பெயரிலேயே தொழில் செய்பவர் அதைப் பதிவுசெய்ய வேண்டியதில்லை என்பதால், பதிவேட்டில் அவர் பெயர் இல்லாவிட்டால் அதை வைத்துச் சண்டை போடாதீர்கள். முதலில் நேரில் போய்ப் பேசிப் பாருங்கள். நாளைக்கும் ஒரே ஈரச் சந்தையில்தான் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள்.

கேள்வி: கடையின் பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கில் எழுதலாமா?

நடந்ததை நடந்தபடி எழுதலாம். ‘திருட்டுக் கும்பல்’ என்று எழுதினால் அடுத்த கடிதத்தை அவர்களுடைய வழக்கறிஞர் உங்களுக்கு எழுதுவார்.

கேள்வி: தொழிற்சாலையில் என் மனைவியின் பின்னல் இயந்திரத்தில் சிக்கித் தலைத்தோல் கிழிந்தது. ‘தொப்பி போடாதது உன் தப்பு’ என்கிறார் முதலாளி. (ஜூரோங் வாசகர்)

தப்பு யாருடையது என்ற பேச்சே தேவையில்லாத வழி இருக்கிறது. வேலையிட காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ், வேலையின்போது விபத்து நடந்தது என்று காட்டினால் போதும். மருத்துவச் செலவு, மருத்துவ விடுப்புக்கான சம்பளம், நிரந்தரப் பாதிப்பு என்று மருத்துவர் மதிப்பிட்டால் அதற்கான தொகை, எல்லாம் அதில் வரும். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவருக்கும் உண்டு, ஆனால் இல்லப் பணிப்பெண்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. விபத்து நடந்த 1 ஆண்டுக்குள் கோர வேண்டும். மருத்துவ விடுப்பு கொடுத்திருந்தால் முதலாளி மனிதவள அமைச்சிடம் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் நீங்களே தெரிவியுங்கள். வலிக்கும் வேதனைக்கும் சேர்த்து நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், ஆனால் அங்கே முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டும். இரண்டு வழியிலும் பணம் வாங்க முடியாது. தேர்ந்தெடுப்பதற்கு முன் கட்டாயம் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: பிறந்ததிலிருந்து பேரனுக்கு முடி வளர்த்தோம், டிசம்பர் விடுமுறையில் பழனியில் இறக்குவதாக நேர்த்திக்கடன். முன்னால் மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொன்னோம். கடைக்காரர் மெஷினை வைத்து ஒட்ட வெட்டிவிட்டார். அழுதுகொண்டே இருக்கிறேன். வழக்குப் போடலாமா? (அங் மோ கியோ பாட்டி)

அம்மா, சொன்னது ஒன்று, செய்தது ஒன்று என்பதால் கொடுத்த 12 வெள்ளியைத் திரும்பக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்கு மேல் போவது கடினம். மருத்துவர் மனநோய் என்று கண்டறியாத வருத்தத்துக்குச் சட்டம் விலை வைப்பதில்லை, பையனுக்கும் காயம் எதுவும் இல்லை. 12 வெள்ளியை வாங்கி உண்டியலில் போடுங்கள். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். பழனியில் முடியை யாரும் அளந்து வாங்குவதில்லை, டிசம்பருக்கே போய்வாருங்கள்.