டிவி கார் விமர்சனத்தை நம்பி வண்டி வாங்கலாமா?

கார் நிகழ்ச்சியில் பாராட்டிய வண்டியைக் கோயம்புத்தூர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். 2005-ல் நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியதிலிருந்தே கார் நிகழ்ச்சி என்றால் எனக்கு உயிர். ஆனால் கேமரா முன்னால் டயர் புகைய வளைவது வேறு. ஐந்து பேரும் ஏசியுமாகத் திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவது வேறு. இரண்டாம் கியரில் வண்டி திணறுமா என்பதுதான் அங்கே கேள்வி.

செய்தியில் வரும் மைலேஜ், ஆய்வகத்தில் உருளைகள்மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு அளந்தது. லாரிக்குப் பின்னால் ஊர்ந்தால் அது கிடைக்காது. புது வண்டியை முதன்முதலாக ஓட்டிக் காட்டும் ‘முதல் ஓட்டம்’ காணொளிகள் பெரும்பாலும் நிறுவனமே தேர்ந்த பாதையில் எடுத்தவை.

அதனால் வாங்குவதற்கு முன், அதே வண்டியை ஒரு வருடம் ஓட்டியவரிடம் பேசுங்கள். கிளட்ச் பற்றி மறக்காமல் கேளுங்கள்.