புற்றுநோய் மையத்தில் ஆராய்ச்சி எதற்கு?

கேள்வி: மண்டலப் புற்றுநோய் மையங்கள் சிகிச்சையோடு ஆராய்ச்சியும் செய்ய வேண்டும் என்கிறார்கள். ஆராய்ச்சியால் எங்களைப் போன்ற கிராமத்துப் பெண்களுக்கு என்ன கிடைக்கப் போகிறது?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: ஆராய்ச்சி என்றதும் கண்ணாடிக் குழாய்களும் நுண்ணோக்கியும்தான் நினைவுக்கு வருகின்றன. நம் பக்கத்தில் நடந்த முக்கியமான ஆராய்ச்சிக்கோ வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலமே போதுமாக இருந்தது.

1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கி, 1975இல் மண்டல மையமாக அங்கீகாரம் பெற்ற அடையாறு புற்றுநோய் நிலையம், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையோடும், ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையிலுள்ள கிறித்தவ மருத்துவமனையோடும் கைகோத்து, 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் (1985 வரை அது மதுரை மாவட்டம்தான்) 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார். சந்தேகத்துக்குரிய இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. தகுதியானவர்களுக்கு அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையும் அளிக்கப்பட்டது.

ஊர்த் தொகுப்புகள் 114இல் பாதியில் மட்டும் இப்படிச் செய்து, மீதியோடு ஒப்பிட்டார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில் நோய் 25 சதவீதமும் அதனால் நேர்ந்த இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்ததாக 2007இல் முடிவு வெளியானது. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: அழைக்கப்பட்ட சுமார் 49,000 பெண்களில் வந்தவர்கள் சுமார் 31,000 பேர்தான். அமிலம் மலிவு, வேலையை விட்டு, கூச்சத்தை விட்டு ஒரு பெண்ணை வரவழைப்பது மலிவல்ல. அதற்கு உள்ளூர் மருத்துவமனைதான் வேண்டும், லியோனால் ஆகாது.

குறைந்தது என்று எப்படிச் சொன்னார்கள்? யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்று மருத்துவமனை ஏடுகளிலும் இறப்புப் பதிவுகளிலும் தேடித் திரட்டும் புற்றுநோய்ப் பதிவேட்டைக் கொண்டுதான். ஆகவே, மருத்துவமனையில் வயது, முகவரி என்று துருவிக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். புதிய மருந்துச் சோதனைக்குக் கையெழுத்துக் கேட்பது வேறு விஷயம். அதை மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது. முகவரி சொல்லும்போது மட்டும் “உசிலம்பட்டிப் பக்கம்” என்று நிறுத்திவிடாமல் ஊராட்சியின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.