பாஜியோவின் முழங்கால்

அன்புள்ள தம்பிக்கு,

உலகக் கிண்ண இறுதிப் போட்டிகள் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். அதில் ரொபேர்ட்டோ பாஜியோவுக்கு ஒரேயொரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள்: ‘1994இல் தண்ட உதையை வானத்துக்கு அடித்து இத்தாலியின் கிண்ணத்தைத் தொலைத்தவர்.’ அவ்வளவுதானா அந்த மனிதன்? நானும் இருபது வருடம் பந்தடித்தவன். போன மாதம் என் பேரன் ஓர் இறுதிப் போட்டியில் கடைசி உதையைத் தவறவிட்டான். அன்றிலிருந்து மைதானத்துப் பக்கமே போகிறானில்லை. எனக்குக் கண் சரியில்லை. உங்கள் கட்டுரையை அவன்தான் வாசித்துக் காட்டினான். அந்த வரி வந்ததும் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டான். பாஜியோவைப் பற்றி ஒழுங்காக எழுதுங்கள்.

ஒரு பழைய பின்கள வீரர்,
பாசையூர்

அன்புள்ள அண்ணருக்கு,

அந்த வரி பிழை. முதலில் கணக்கே பிழை. பிரேசிலுடனான அந்த இறுதி ஆட்டம் சமநிலையில் முடிந்ததால் அணிக்கு ஐந்து தண்ட உதைகள். பாஜியோ அடித்தது இத்தாலியின் ஐந்தாவது உதை. அதற்கு முன்னரே அணித் தலைவர் பரேசி பந்தை மேலே அடித்திருந்தார். மசாரோவின் உதையைப் பிரேசில் கோல் காப்பாளர் டஃபரல் தடுத்திருந்தார். பிரேசில் 3, இத்தாலி 2. பாஜியோ கோல் போட்டிருந்தாலும் 3-3தான். பிரேசிலுக்கு இன்னும் ஓர் உதை மிச்சம் இருந்தது. இத்தாலியில் தவறவிட்டவர்கள் மூன்று பேர். கடைசியாக நின்றவனின் பெயர் மட்டும் எங்கள் வாயில் ஒட்டிக்கொண்டது.

இந்தச் சோம்பல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அந்த ஆட்டம் எங்கள் நேரப்படி 1994 ஜூலை 18, நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் வராது. உங்களுக்குத் தெரியாததா? சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுத்து, ஒருவன் மிதிக்க மற்றவர்கள் கேட்பார்கள். இருந்தவர்களில் நானே சின்னவன் என்பதால் மிதிப்பது என் வேலை. சிற்றலையின் இரைச்சலும் சங்கிலிச் சத்தமும் சேர்ந்து எனக்கு ஒரு சொல்லும் தெளிவாகக் கேட்கவில்லை. அரிக்கன் இலாம்பு வெளிச்சத்தில் பெரியவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் ஆட்டத்தை ஊகித்தேன். கடைசியில் மாமா “பாஜியோ” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். பரேசியின் பெயரை யாரும் சொல்லவில்லை. அந்த ஒற்றைச் சொல்லைத்தான் முப்பது வருடம் கழித்துக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன்.

பாஜியோவின் கதையை நான் தொடங்கியிருக்க வேண்டிய இடம் முழங்கால். விசென்சாவுக்குப் பக்கத்தில் கல்தோன்யோ என்ற சிற்றூரில் 1967 பெப்ரவரி 18இல், எட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆறாவதாகப் பிறந்தவர். மூன்றாம் பிரிவில் விசென்சாவுக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, 1985 மே 5இல், ரிமினி அணிக்கு எதிரான ஆட்டத்தில் வலது முழங்காலின் தசைநார் அறுந்தது. வயது 18. புளோரன்ஸ் நகரின் பியோரென்டினா கழகம் அவரை வாங்குவதாகப் பேசி முடித்திருந்த நேரம். கழகம் கைவிட்டிருக்கலாம், விடவில்லை. பிரான்சில் சத்திரசிகிச்சை, உள்ளே 220 தையல்கள். வலி நிவாரணி அவர் உடம்புக்கு ஒத்துவராது. அதற்குப் பிறகு அவர் ஆடியதெல்லாம் வலியோடுதான். அன்று ரிமினியின் பயிற்றுநராக இருந்தவர் அரிகோ சாக்கி. 1994இல் இத்தாலியின் பயிற்றுநரும் அவரே. அந்த உலகக் கிண்ணத்தில் நோர்வேக்கு எதிராக இத்தாலியின் கோல் காப்பாளர் வெளியேற்றப்பட்டதும், அந்த இடத்தை நிரப்பச் சாக்கி வெளியே எடுத்தது உலகின் சிறந்த வீரரான பாஜியோவைத்தான். நடந்து வந்த பாஜியோ “இவருக்குப் பைத்தியம்” என்று முணுமுணுத்தார். அதே பாஜியோதான் பிறகு நைஜீரியா, ஸ்பெயின், பல்கேரியா மூன்றுக்கும் எதிராக ஐந்து கோல் போட்டு அணியை இறுதிவரை இழுத்துப் போனார். இறுதிப் போட்டியன்று தொடையின் பின்தசை காயப்பட்டிருந்தது.

ஆனால் அவர் யார் என்று எனக்குக் காட்டுவது அடித்த உதையல்ல, அடிக்க மறுத்த உதை. 1990இல் அன்றைய உலக சாதனை விலைக்குப் பியோரென்டினா அவரை ஜுவன்டசுக்கு விற்றது. புளோரன்ஸ் தெருக்களில் கலவரமே நடந்தது. மறுவருடம் ஏப்ரலில் ஜுவன்டஸ் அங்கே ஆடப் போனபோது ஒரு தண்ட உதை கிடைத்தது. பாஜியோ அடிக்கவில்லை. வேறொருவர் அடிக்க, காப்பாளர் பிடித்துவிட்டார், ஜுவன்டஸ் தோற்றது. மாற்றப்பட்டு வெளியே நடந்தபோது இரசிகர்கள் எறிந்த பியோரென்டினா சால்வையைக் குனிந்து எடுத்துக்கொண்டார். தொழில்முறை வீரன் செய்யக்கூடாத வேலை என்று அன்று திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முழங்கால் போன பையனைக் காத்திருந்து எடுத்த ஊர் அது.

இன்னொன்று. அவர் பௌத்தர், ஜப்பானிய நிச்சிரென் வழியைச் சேர்ந்தவர். எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டதும் மனம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. இதைக் கேள்விப்பட்ட எங்கள் ஒழுங்கைக்காரர் ஒருவர், இத்தாலி தோற்றது நல்லதுதான் என்றார். பிறகு ஒரு பத்திரிகைப் படத்தில் அவருடைய குடுமியைக் கண்டதும், “எங்கள் ஐயர் மாதிரி இருக்கிறாரே” என்று மனம் மாறிவிட்டார். இத்தாலியர்களும் ‘தெய்வீகக் குடுமி’ என்றுதான் அவருக்குப் பட்டம் வைத்திருந்தார்கள்.

பேரனை வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டியது இனிமேல் வருவது. 1998 உலகக் கிண்ணம், ஜூன் 11, இத்தாலியின் முதல் ஆட்டம், எதிரணி சிலி. இத்தாலி 1-2 என்று பின்தங்கியிருக்க, 85ஆவது நிமிடத்தில் பாஜியோ அடித்த பந்து பின்கள வீரரின் கையில் பட்டுத் தண்ட உதை கிடைத்தது. நான்கு வருடத்துக்கு முந்திய அந்த உதைக்குப் பிறகு உலகக் கிண்ணத்தில் அவருக்கு இதுதான் முதல் தண்ட உதை. அவரே அடித்தார், கோல். மூன்று வாரம் கழித்துப் பிரான்சுக்கு எதிரான காலிறுதியும் தண்ட உதைகளுக்குப் போனது. இத்தாலிக்காக முதலாவதாகப் போய் நின்றவர் அவர். அதுவும் கோல். அன்றும் இத்தாலி தோற்றது, வேறொருவர் பந்தைக் குறுக்குக் கம்பத்தில் அடித்ததால். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடைசி நான்கு வருடம் பிரெஷியா என்ற சிறிய கழகத்தில் ஆடினார். 2002இல் இடது முழங்காலும் போனது. பதினொரு வாரத்தில் திரும்பி வந்து கோல் போட்டார். ஆனாலும் அந்த வருட உலகக் கிண்ணத்துக்கு அவரை அழைத்துப் போகவில்லை. 2004 மே 16இல் மிலானில் கடைசி ஆட்டம். எதிரணியின் இரசிகர்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள். இத்தாலிய முதற்பிரிவில் மொத்தம் 205 கோல். அவருடைய 10ஆம் இலக்கச் சட்டையைப் பிரெஷியா யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தது. ஓய்வுக்குப் பிறகு இத்தாலிய உதைபந்தாட்டச் சங்கத்தில் பொறுப்பேற்று, இளம் வீரர்களை உருவாக்குவது பற்றி 900 பக்க அறிக்கை கொடுத்தார். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று 2013இல் பதவியை விட்டுவிட்டார்.

கட்டுரையில் அந்த வரியை நீக்கிவிட்டேன். பேரன் உதைத்த பந்து மேலே போனதா, காப்பாளர் பிடித்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. அவனையே எழுதச் சொல்லுங்கள். இருபது வருடம் பின்களத்தில் நின்ற நீங்கள் எத்தனை தண்ட உதை அடித்தீர்கள் என்பதையும் அவனிடம் சொல்லியனுப்புங்கள்.