பெண் குழந்தைக்கு அரபுப் பெயர்: கேட்டதும் என்ன தோன்றுகிறது?

அரபு சொல்லிக்கொடுப்பவள் என்பதால் பிள்ளைக்குப் பெயர் தேடுபவர்கள் என்னிடம் கேட்பது வழக்கம். அதிகம் புழங்காத பெயர்களைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஆயிஷா, ஃபாத்திமாவுக்கெல்லாம் என் கருத்து யாருக்கும் தேவையில்லை.

அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா. மகள் பிறந்து நாலு நாள் ஆகிறது. ஏழாம் நாள், பிள்ளை பிறந்ததற்காக ஆடு அறுக்கும் அகீகாவில் ‘ஸுஹா’ என்று பெயர் வைக்க ஆசை. வீட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றியது?

வ அலைக்குமுஸ்ஸலாம், தங்கச்சி. எனக்கு வானம்தான் நினைவுக்கு வந்தது. ஸுஹா ஒரு நட்சத்திரம். சப்தரிஷி மண்டலத்தில் வால் பக்கம் மூன்று நட்சத்திரங்கள் இருக்கும் அல்லவா, அதில் நடுவில் உள்ளதை ஒட்டினாற்போல் மங்கலாக ஒன்று தெரியும். இந்துத் திருமணங்களில் அம்மி மிதித்த பிறகு காட்டுகிற அருந்ததி அதேதான். அந்தக் கால அரபிகள் கண் கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்க இதைத்தான் காட்டுவார்கள். ‘நான் அவளுக்கு ஸுஹாவைக் காட்டினால், அவள் எனக்கு நிலாவைக் காட்டுகிறாள்’ என்று ஒரு பழமொழியே உண்டு. நுணுக்கமாக ஒன்று சொல்ல, எதிராளி ஊரறிந்த ஒன்றைப் பதிலாகச் சொன்னால் அப்படிச் சொல்வார்கள்.

பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. தொல்லை ஒன்று உண்டு: ‘ளுஹா’. முற்பகல் நேரம், குர்ஆனின் 93-ஆவது அத்தியாயம், ளுஹா தொழுகை எல்லாம் அதுதான். அதை உருது பேசுபவர்கள் ‘ஜுஹா’ மாதிரி சொல்வார்கள். ஆக, பாதிப் பேர் உங்கள் மகள் பெயரை அந்தப் பெயர் என்றே நினைப்பார்கள். மீதிப் பேர் போனில் ‘சுகாவா, சுகன்யாவா?’ என்பார்கள். இரண்டுமே கெட்ட அர்த்தம் இல்லை என்பதால் நான் வைக்கலாம் என்பேன். அதற்கு முன் ஒருநாள் அடுப்படியிலிருந்து வாசல்வரை கேட்கிற மாதிரி அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள்.

ஆஸியா என்ற பெயர் கூடாது என்று ஒருவர் சொல்கிறார், சிறந்த பெயர் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி?

இரண்டு பேரும் சரி, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு பெயர். அரபியில் ஸீன் என்ற எழுத்தைப் போட்டு எழுதுகிற ஆஸியா, எகிப்து மன்னன் ஃபிர்அவ்னின் மனைவி பெயர், தாராளமாக வைக்கலாம். ஐன் என்ற எழுத்தில் தொடங்கி ஸாத் என்ற எழுத்தைப் போட்டு எழுதினால் ‘மாறு செய்பவள்’ என்று ஆகிவிடும். உமர் (ரலி) அவர்களின் மகளுக்கு அந்தப் பெயர் இருந்தது. நபிகள் நாயகம் அதை ஜமீலா என்று மாற்றினார்கள். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, ஆங்கிலத்திலும் அப்படித்தான். அதனால் வீட்டில் ஒரு தாளிலாவது அரபியில் சரியாக எழுதி வையுங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கண்டத்தின் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

‘ஐனா’ குர்ஆனில் வருகிற சொல் என்று படித்தேன். அது போதாதா?

போதாது. குர்ஆனில் நெருப்புக்கும் கழுதைக்கும்கூடச் சொல் இருக்கிறது. ஹம்ஸா என்ற எழுத்தில் தொடங்கும் ‘அய்ன’ என்றால் ‘எங்கே’. 75-ஆவது அத்தியாயத்தில் மறுமை நாளில் மனிதன் ‘தப்பி ஓடுவது எங்கே?’ என்று கேட்கிற இடத்தில் அது வருகிறது. அதையா பிள்ளைக்கு வைப்பீர்கள்? ஆனால் ஐன் எழுத்தில் தொடங்கும் ‘அய்னா’ என்றால் அகன்ற அழகிய கண்ணுடையவள். சொர்க்கத்துக் கன்னியரைச் சொல்லும் ‘ஹூருல் ஈன்’ என்பதில் வரும் ‘ஈன்’ அதன் பன்மைதான். அந்தப் பெயரை மனதில் வைத்துத்தான் வைக்கிறீர்கள் என்றால் சரி. உருதுக்காரர் காதில் அது கண்ணாடியாகவும் விழும்.

ஸித்ரா எப்படி?

வானுலகின் எல்லையில் நிற்கும் இலந்தை மரமான ‘ஸித்ரத்துல் முன்தஹா’விலிருந்து வருவது. பொருள் அருமை. ஆனால் தமிழ்நாட்டில் வாழப்போகிறாள் என்றால் ஆயுள் முழுக்க அவள் சித்ராதான். அதில் உங்களுக்கு வருத்தம் இல்லை என்றால் எனக்கும் இல்லை.

தீமா?

இடி மின்னல் இல்லாமல் விடாமல் பெய்யும் மழை என்று பொருள். அரபு நாட்டில் அழகான பெயர். தமிழ்க் காதில் ‘தீமை’ வந்து உட்கார்ந்துவிடும். வேண்டாம்.

புள்ள, என் பேத்திக்கு ‘ருஃபைதா’ என்று வைத்திருக்கிறார்கள். என் பெயர் சைனம்பு. நம்ம பெயரெல்லாம் இவர்களுக்குக் கசந்துபோச்சா? எனக்கு அது வாயிலேயே நுழையவில்லை.

உம்மா, உங்கள் சைனம்புவும் அரபு நாட்டிலிருந்து வந்த ஸைனப்தான். நம் முன்னோர் வாயில் புரண்டு புரண்டு அப்படி ஆனது. அப்துல் காதிர் என்பவரே சீதக்காதி ஆகவில்லையா? ருஃபைதா, நபிகள் நாயகம் காலத்தில் மதீனாவில் காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்த பெண்மணி. அகழ்ப்போரில் காயமடைந்த நபித்தோழர் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை அந்த அம்மாவின் பொறுப்பில்தான் விட்டார்கள். நல்ல ஆள் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நீங்கள் ‘ருபைதா’ என்றே கூப்பிடுங்கள், பிள்ளை திரும்பிப் பார்க்கும். மருமகள் திருத்த வந்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இணையத்தில் ‘ஸோயா’ அரபுப் பெயர் என்று போட்டிருக்கிறதே?

கிரேக்க மூலம், ரஷ்யா வழியாகப் பரவியது. ‘உயிர்’ என்று பொருள், தப்பில்லை. ஆனால் அரபு இல்லை. அந்தப் பட்டியல்களில் எந்தப் பெயரைத் தட்டினாலும் ‘இளவரசி’, ‘ஒளி’, ‘சொர்க்கத்தின் பூ’ என்றுதான் வரும். அரபி அகராதி பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் மூல எழுத்துகளைக் கேளுங்கள். எழுத்தைச் சொல்ல முடியாத பெயரை நான் ஒத்துக்கொள்வதில்லை.

நாங்கள் துபாய் போகப்போகிறோம். ஒற்றைப் பெயர் போதுமா? பெயர் முடிவாகாமலே பிறப்பைப் பதியலாமா?

ஒற்றைப் பெயரோடு நிறுத்தாதீர்கள். 2022 நவம்பரில் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்த இந்தியர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் சுற்றுலா விசாவில் நுழைய அனுமதி மறுத்தது நினைவிருக்கும். தகப்பன் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டு ஆஸ்பத்திரிச் சீட்டு முதல் பாஸ்போர்ட் வரை ஒன்றாக இருக்கட்டும். ஒரு எழுத்து மாறினாலும் பிறகு அலைவது நீங்கள்தான்.

பெயர் இல்லாமலும் பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துவிடலாம்; அதன் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஏழாம் நாளுக்குள் மனம் ஒப்பவில்லை என்றால் சர்க்கார் உங்களை அவசரப்படுத்தவில்லை. மாமியார் அவசரப்படுத்தினால் அதற்கு என்னிடம் வழியில்லை.